தடித்த சாய்வெழுத்தின் ஆக்கமும் பயனும்

பேசுவோன் குரலை உயர்த்தியும் தாழ்த்தியும் தன் கருத்தை விளக்குகின்றான். அச்சிட்ட தாளுக்கோ குரல் இல்லை. அக்குறையை ஒருவாறு நிறைவு செய்வன எழுத்தின் தடிப்பும் சாய்வுமாம். உரோம எழுத்துக்களுள், நுனிக்கோடு அற்றதாய், தடித்ததாய், வலப்புறம் சாய்ந்ததாய் உள்ள ஒருவகையை விளம்பரப் பலகையிலும் நூலின் மேலுறையிலும் கணினித் திரையிலும் நாள்தோறும் காண்கின்றோம். அதன் ஆக்கம் எத்தகையது, அதனை எவ்விடத்து ஆளல் தகும் என்பவற்றை மாணவர் பொருட்டு ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இவ்வெழுத்திற் கூடியுள்ள பண்புகள் மூன்றும் ஒரே காலத்தில் தோன்றியவையல்ல. முதலிற் பிறந்தது சாய்வு. வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூசியஸ் 1501 ஆம் ஆண்டில் வேர்ஜிலின் பாடல்களைக் கைக்கு அடக்கமான நூலாக வெளியிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிவோ வெட்டிய சாய்வெழுத்தை வழங்கினார். கற்றோரின் விரைந்த கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. நூல் முழுவதும் அவ்வெழுத்தாலேயே அமைந்தது. ஆகவே, ஒரு சொல்லை அழுத்திக் காட்டுதல் அதன் முதற்றொழில் அன்று. நுனிக்கோடற்ற உரோம அச்செழுத்து 1816 ஆம் ஆண்டளவில் இலண்டன் கஸ்லொன் வார்ப்பகத்தின் மாதிரி நூலிற் காணப்பட்டது. அதிற் பேரெழுத்துக்கள் மாத்திரமே இருந்தன. சாதாரண எழுத்தோடு ஒரே வரியிற் சேர்ந்து நின்று சொல்லை எடுத்துக்காட்டும் தடித்த எழுத்தாகப் புகழ்பெற்றது, 1845 இல் றொபேட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன் ஆகும்.

இம்மூன்று பண்பும் ஒருங்கே அமைந்தவற்றுள் பியூச்சுராவின் தடித்த சாய்வு பெரிதும் அறியப்பட்டது. பியூச்சுராவை ஆக்கியவர் ஜேர்மனியரான போல் றென்னர். 1927 இல் பிராங்போட் நகரத்துப் பவர் வார்ப்பகம் அதனை வெளியிட்டது. வட்டம், முக்கோணம், நேர்கோடு என்பவற்றை அடிப்படையாகக் கொண்ட எழுத்து அது. நாசிகளின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து எழுதிய றென்னர் 1933 இற் கைதுசெய்யப்பட்டு, மூனிக் அச்சுக்கலைப் பள்ளித் தலைமையினின்றும் நீக்கப்பட்டார். எழுத்தை ஆக்குவோனும் தன் காலத்தின் போராட்டங்களுக்குப் புறம்பானவன் அல்லன் என்பதை இதனால் அறிக.

சாய்வை ஆக்கும் முறை இருவகைப்படும். நிமிர்ந்த வடிவை மாற்றாது சாய்த்தல் ஒன்று. கையெழுத்தைத் தழுவி வேறு வடிவம் வரைதல் மற்றொன்று. எரிக் கில் வரைந்த கில் சான்ஸ் எழுத்திற் சிற்றெழுத்தாகிய ‘ஏ’ நிமிர்ந்த நிலையில் இரண்டு மாடியுடையது. சாய்ந்த நிலையில் ஒற்றை மாடியாகிக் கையெழுத்தை ஒக்கின்றது. அட்ரியன் புரூட்டிகர் 1957 இல் ஆக்கிய யூனிவேர்ஸ் எழுத்தோ சாய்ந்த நிலையிலும் தன் வடிவை விடாது. அவர் தம் எழுத்துக்குடும்பத்துக்கு எண்களையே பெயராக இட்டார். சாதாரண எழுத்து 55, அதன் சாய்வு 56, தடித்தது 65, தடித்த சாய்வு 66 என்பன அவை.

நிமிர்ந்த எழுத்தைப் பொறியினாற் சாய்த்துவிட்டால் வேலை முடிந்ததென எண்ணுதல் தவறு. வட்டமான ‘ஓ’ எழுத்தைச் சாய்த்தால் அதன் வலப்புற மேற்பகுதியும் இடப்புறக் கீழ்ப்பகுதியும் பருத்து, ஏனைய இரு மூலைகளும் மெலியும். பேரெழுத்து ‘ஏ’யின் இடக்கால் மெலிய, வலக்கால் தடிக்கும். தடித்த எழுத்தில் இக்கேடு மிகத் தெளிவாகத் தோன்றும். ஆதலின் எழுத்தாக்குவோர் ஒவ்வொரு வளைவையும் கண்ணால் அளந்து திருத்துவர். கிடைக்கோடுகளை நிலைக்கோடுகளினும் சற்று மெலிதாக்குவர். வளைவு தண்டோடு கூடுமிடத்தை ஒடுக்குவர். உள்வெளி மூடாதபடி எழுத்தை அகலப்படுத்துவர்.

இனிப் பயன் கூறுவாம். அமெரிக்க ஓவியரான பார்பரா குரூகர், கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் சிவப்புப் பட்டை இட்டு, அதில் வெண்ணிறப் பியூச்சுரா தடித்த சாய்வாற் சுருங்கிய வாக்கியங்களைப் பொறித்தார். பார்ப்போனை நேரே விளித்து வினவும் அவ்வாக்கியங்களுக்கு அவ்வெழுத்தின் விரைவும் உரப்பும் பொருந்தின. 1969 இல் அப்பலோ 11 சந்திரனில் விட்டுவந்த பலகையிலும் பியூச்சுராவே உண்டு. ஆனால் அது சாயாது நிமிர்ந்து நிற்கின்றது. அறைகூவலுக்குச் சாய்வும், நிலைத்த நினைவுக்கு நிமிர்வும் ஏற்றன என்பது இவ்விரண்டையும் ஒப்பிடப் புலனாம்.

எனவே இவ்வெழுத்துத் தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் உரியது; நெடிய பந்திக்கு உரியதன்று. பக்கம் முழுவதும் தடித்துச் சாய்ந்திருப்பின், அஃது எல்லாரும் ஒருங்கே கூவும் சந்தையை ஒக்கும். எச்சொல்லும் தனித்துக் கேளாது. அன்றியும், வாசித்தலில் இடர்ப்படும் பிள்ளைகள் வகுப்புத்தோறும் உளர். அத்தகையோர் பொருட்டுப் பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கம், நுனிக்கோடற்ற எழுத்தை ஆளுமாறும், சாய்வைத் தவிர்த்து, அழுத்தத்துக்குத் தடிப்பை மட்டும் கொள்ளுமாறும் அறிவுறுத்துகின்றது. வினாத்தாள் ஆக்கும் ஆசிரியர் இதனை மனங்கொள்வாராக. விடை அறிந்த பிள்ளை வினாவை வாசிக்க இயலாமையாற் புள்ளி இழத்தல் நீதியன்று.

தமிழெழுத்துக்குச் சாய்வு மரபாக வந்ததன்று. கணினியோ உரோம எழுத்தைச் சாய்ப்பதுபோலத் தமிழையும் சாய்த்துவிடுகின்றது. நமது எழுத்துக்கள் சுழிகளால் ஆயவை. தடிப்பு மிகுந்து சுழி அடைபட்டால், இருசுழி னகரமும் முச்சுழி ணகரமும் வேறுபாடின்றி மயங்கும். ‘மனம்’ ‘மணம்’ ஆகிவிடும். ஆகலின் தமிழில் அழுத்தம் வேண்டுமிடத்து, உள்வெளி திறந்த, அளவான தடிப்புடைய நிமிர்ந்த எழுத்தே சாலும்.

கல்லூரிச் சங்கங்களுக்கு அறிவித்தலும் அழைப்பிதழும் ஆக்கும் மாணவர், எழுத்தைத் தெரியுமுன், எச்சொல் பிறர் செவியில் முதலில் விழவேண்டும் எனத் தம்மைத் தாமே வினவுக. அச்சொல் ஒன்றைத் தடிப்பித்து, ஏனையவற்றை அமைதியாக விடுக. வாசிப்போன் கண்ணுக்கு இரங்கி எழுதுதலும் கற்றோர்க்குரிய பண்பே.