மண்டபத்துக்குப் புது ஏ.சி.: கொட்டேஷன் கேட்குமுன் போட வேண்டிய கணக்கு

நம் வணிகர் சங்கங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் உண்டு. கீழே உணவுக்கூடம், மேலே திருமண மண்டபம். சந்தா வசூலை விட மண்டப வாடகையே சங்கத்துக்குப் பெரிய வருமானமாக இருக்கும் ஊர்களும் உண்டு. இருபது இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அந்த மண்டபங்களில் வைத்த ஏ.சி. பிளாண்டுகள் இப்போது ஓய்ந்து வருகின்றன. முகூர்த்த நேரத்தில் அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாடகையைத் திருப்பிக் கொடுத்தாலும் பெண் வீட்டாரின் மனக்குறை தீராது. அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்யாணம் வேறு மண்டபத்தில்தான் நடக்கும்.

"பழையது 40 டன், புதியதும் 40 டன்" என்று தீர்மானம் போட்டு, நான்கு கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்யுமுன் சில கணக்குகளை நாமே போட்டுப் பார்ப்பது நல்லது.

டன் என்பது எந்திரத்தின் எடை அல்ல. அது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதன் அளவு. ஒரு டன் என்றால் ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பம். கடைக்குச் சதுர அடியை வைத்து டன் கணக்கிடுகிறோம். மண்டபத்துக்கு அது பொருந்தாது. அங்கே பெரிய அடுப்பு மனிதர்கள்தான். உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து 100 முதல் 120 வாட் வரை வெப்பம் வெளிவருகிறது. அதாவது முப்பது பேருக்கு ஒரு டன். 600 பேர் அமர்ந்தால் அவர்களுக்கு மட்டுமே 20 டன் போய்விடும். மொட்டை மாடியின் வெயில், விளக்குகள், வெளியிலிருந்து வரும் காற்று எல்லாம் அதற்கு மேல். பழைய பிளாண்டுக்குக் கணக்குப் போட்ட காலத்தில் வீடியோக்காரர்கள் ஆயிரம் வாட் ஹாலோஜன் விளக்குகளைப் பிடித்தார்கள். இன்று எல்.இ.டி. விளக்குகள். மேல்தளத்துத் தட்டோட்டைப் பழுது பார்த்து, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து, கதவிடுக்குகளை அடைத்தால் இன்னும் சில டன் குறையலாம். இதைச் செய்த பிறகே டன்னை முடிவு செய்ய வேண்டும்.

பழைய பிளாண்டையே பழுது பார்த்து ஓட்டலாமே என்று சில அங்கத்தினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதில் இருப்பது ஆர்-22 கேஸ் என்றால் யோசிக்க வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. அதன்படி இந்த வகை கேஸ் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, பழுதுபார்ப்புக்கான சிறு அளவு தவிர, 2030-ல் நிற்க வேண்டும். பழைய எந்திரத்தில் ஆர்-410ஏ கேஸை அடைத்துத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் நம்ப வேண்டாம். அதன் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பழைய குழாய்களும் கம்ப்ரசரும் தாங்காது. மேலும் பழைய பிளாண்ட் தண்ணீரால் குளிர்விக்கும் வகை என்றால் கூலிங் டவரில் டன்னுக்கு மணிக்கு ஆறேழு லிட்டர் ஆவியாகிறது. 40 டன் பத்து மணி நேரம் ஓடினால் 2,500 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இது சிறிய செலவல்ல.

இனி விலை விஷயம். அதிக விலையுள்ள எந்திரம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் எத்தனை நாள் ஓடினால் மிச்சம்? 40 டன் எந்திரங்கள் இரண்டு; உயர்ந்தது டன்னுக்கு 0.2 கிலோவாட் குறைவாக இழுக்கிறது, விலை 8 லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாலை வரவேற்பும் காலை முகூர்த்தமுமாகப் பத்து மணி நேரம், வருடத்துக்கு 60 கல்யாணம், யூனிட் 10 ரூபாய் என்றால் மிச்சம் 48,000 ரூபாய். கொடுத்த 8 லட்சம் திரும்ப 16 வருடத்துக்கு மேல் ஆகும். அதே எந்திரம் தினமும் பன்னிரண்டு மணி நேரம், 350 நாள் திறந்திருக்கும் ஜவுளிக்கடையில் இருந்தால், முழு ஓட்டக் கணக்கில் 3,36,000 ரூபாய் மிச்சம். இரண்டரை வருடத்தில் முதல் வந்துவிடும். நம் கடைக்கு லாபமான எந்திரம் நம் மண்டபத்துக்கும் லாபம் என்று எண்ணிவிடக் கூடாது.

மண்டபத்துக்கு வேறொரு சுமை உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடந்தாலும், அனுமதி பெற்ற கிலோவாட்டுக்கான நிலைக்கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே தேவைக்கு மேல் ஐந்து டன் கூட்டிப் போட்டால் அதற்கும் வருடம் முழுவதும் தண்டம். ஒரே 40 டன்னாக இல்லாமல் பத்துப் பத்து டன்னாக நான்கு வைப்பதே நமக்குச் சரியாகப் படுகிறது. ஒன்று பழுதானாலும் கல்யாணம் நடந்துவிடும். சிறிய விசேஷத்துக்கு இரண்டே போதும். ஜெனரேட்டருக்கும் இது நல்லது. சாதாரண கம்ப்ரசர் நேரடியாகக் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். எல்லாம் ஒன்றாகக் கிளம்பாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்ப ஏற்பாடு செய்யலாம். இன்வெர்டர் வகை மெதுவாகவே ஏறும்.

கம்பெனி என்ஜினீயர் கேட்காத ஒன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். மணமேடையில் ஹோமம் வளர்ப்பார்கள். புகை போக வழியில்லாவிட்டால் கண் எரிந்து யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள். அத்தோடு குளிர்ச்சியும் போய்விடும். மேடைக்கு மேல் தனி எக்ஸாஸ்ட், அதற்கு ஈடாக வெளிக்காற்று வரும் வழி, இரண்டும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். குளிர்காற்று வரும் துவாரம் குத்துவிளக்கை நோக்கி இருக்கக் கூடாது. பல மண்டபங்களில் புரோகிதர் தாம்பாளத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு விளக்கேற்றுவதை நாம் பார்க்கிறோம்.

கொட்டேஷன்கள் எல்லாம் ஒரே அடிப்படையில் வர வேண்டும்: எத்தனை பேருக்கு, வெளியில் எத்தனை டிகிரியில், உள்ளே எத்தனை டிகிரி, டக்ட் வேலையும் மின் வேலையும் சேர்த்தா இல்லையா. பழைய எந்திரத்துக்கான விலையைத் தனி வரியில் எழுதச் சொல்ல வேண்டும். தள்ளுபடி என்று காட்டுவது நம் பழைய செம்பின் விலையாகவே இருக்கக் கூடும். நம்மில் பழைய உலோக வியாபாரம் செய்பவர்களை வைத்து எடைபோட்டுப் பார்ப்பது எளிது. ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டாம். கட்டடத்தோடு பொருத்தும் டக்ட் போன்றவற்றுக்கு உள்ளீட்டு வரி எடுப்பதில் சர்ச்சை உண்டாதலால், ஆடிட்டரை ஆர்டருக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

வேலையை ஆடி முதல் தேதி தொடங்கி ஆவணி முகூர்த்தத்துக்கு முன் முடிப்பதாகத் தேதி எழுதி வாங்கலாம். காலி மண்டபத்தில் ஓட்டிக் காட்டி, "பாருங்கள், ஜில்லென்று இருக்கிறது" என்றால் அது சோதனை ஆகாது. பத்து சதவீதப் பணத்தை நிறுத்திவைத்து, சித்திரை வெயிலில் 600 பேர் உட்கார்ந்த ஒரு முகூர்த்தத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு செக் கொடுக்கலாம்.