பேசும் மூக்குக்கண்ணாடி

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டிகளின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். திண்டிவனம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர் என மூன்று ஊர்களும் 'தி' என்ற எழுத்திலேயே தொடங்குகின்றன. கண்ணுள்ளவருக்கு இவற்றைப் பிரித்தறிவது ஒரு நொடி வேலை. பார்வையற்ற மாணவரோ பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏற வேண்டும். அவர் விடை சொல்வதற்குள் வண்டி புறப்பட்டுவிடுவதும் உண்டு. இத்தகையோருக்குப் பலகையைப் படித்துக் காதில் சொல்லும் மூக்குக்கண்ணாடி இன்று வந்துள்ளது. அதன் அமைப்பையும் பயனையும் எல்லையையும் இக்கட்டுரையில் காண்போம்.

அமைப்பும் செயலும்

பார்வைக்கு இது சாதாரண மூக்குக்கண்ணாடி போன்றதே. சட்டத்தின் முனையில் ஒரு சிறு கேமராவும், காதோரக் கம்பிகளில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும், உள்ளே மின்கலமும் உள்ளன. அணிந்தவர் வாய்விட்டுக் கேள்வி கேட்கிறார். கேமரா படம் எடுக்கிறது. படமும் கேள்வியும் கைப்பேசி வழியாக இணையத்தில் சென்று, தொலைவிலுள்ள பெருங்கணினிகளை அடைகின்றன. அங்கே செயற்கை நுண்ணறிவு விடையைக் கண்டு குரலாகத் திருப்பி அனுப்புகிறது. எனவே இவ்வகைக் கண்ணாடியில் 'பார்ப்பது' கண்ணாடியன்று, தொலைவிலுள்ள கணினியே. இணையம் கிடைக்காத இடத்தில் அதன் அறிவும் கிடைக்காது.

வளர்ந்த வரலாறு

கூகுள் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் 1500 டாலர் விலையில் 'கூகுள் கிளாஸ்' கருவியைச் சிலருக்கு வழங்கியது. அடுத்தவரை அறியாமல் படம் பிடிக்கக்கூடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. 2015இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. பின்னர் மெட்டா நிறுவனம் ரே-பான் பெயரில் வெளியிட்ட கண்ணாடி, 2025 மே மாதம் ரூ. 29,900 தொடக்க விலையில் இந்தியாவிற்கு வந்தது. பெங்களூருவின் எஸ்.எச்.ஜி. டெக்னாலஜிஸ் நிறுவனமோ பார்வையற்றோருக்கென்றே 'ஸ்மார்ட் விஷன்' கண்ணாடியை உருவாக்கியது. அச்செழுத்தைப் படித்தல், எதிரிலுள்ள பொருளைச் சொல்லுதல், நடக்கையில் தடையை உணர்த்துதல், பழகிய முகத்தை அறிதல் ஆகியவை அதன் பணிகள்.

அன்றாடப் பயன்கள்

மருந்து அட்டையில் பொடி எழுத்தில் உள்ள காலாவதி நாளைப் படிக்கக் கேட்கலாம். கையிலிருப்பது நூறு ரூபாய்த் தாளா, இருநூறா என்று அறியலாம். நூலகத்தில் ஒரு நூலைப் பிறர் உதவியின்றிப் புரட்டிக் கேட்கலாம். பார்வையுள்ளவருக்கும் பயனுண்டு. இரு கைகளிலும் கருவி பிடித்து இயந்திரம் பழுது பார்ப்பவர், கைப்பேசியைத் தொடாமலே ஐயம் கேட்டுத் தெளியலாம்.

தமிழ் என்னும் தேர்வு

மெட்டா கண்ணாடி இந்தியாவிற்கு வந்த நாளில் அதனோடு தமிழில் உரையாட வழியில்லை. நம் எழுத்தைப் படிப்பதும் எளிதன்று. தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. 'கொ' என்பதில் எழுத்தின் முன்னும் பின்னும் குறிகள் வருகின்றன. 'ழு' என்பதில் குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ண-ன, ல-ள-ழ எழுத்துகளின் வேறுபாடோ நுட்பமானது. தெளிவான அச்சில் பிழை குறையலாம். ஆனால் தூசி படிந்து, வெயிலில் மின்னி, நகர்ந்துகொண்டிருக்கும் பேருந்துப் பலகையில் பிழை நேர வாய்ப்பு மிகுதி.

இங்கேதான் பெரிய ஆபத்து உள்ளது. மனிதர் ஐயப்பட்டால் அவர் குரலே தயங்கும். இக்கருவியோ சரியான விடையையும் தவறான விடையையும் பெரும்பாலும் ஒரே உறுதியான குரலில் சொல்லும். திண்டிவனத்துக்குப் போக வேண்டியவர் திருவண்ணாமலை வண்டியில் ஏறினால் அன்றைய வகுப்பு போயிற்று. மருந்தின் பெயர் மாறினால் இழப்பு அதனினும் பெரிது. ஆகவே ஏறும் முன் நடத்துநரை ஒருமுறை கேட்பதும், மருந்தை மருந்தாளுநரிடம் காட்டி உறுதி செய்வதும் கட்டாயம்.

பிற குறைகள்

மெட்டா கண்ணாடியின் முதற்பதிப்பில் மின்கலம் ஏறத்தாழ 4 மணி நேரமே தாங்கும். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் மாணவருக்கு இது போதாது. இடையில் மின்னூட்டப் பெட்டியில் வைத்தெடுக்க வேண்டும். மேலும் 2024இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மாணவர் இருவர், இத்தகைய கண்ணாடியோடு முகம் அறியும் மென்பொருளை இணைத்து, வழியில் கண்ட அந்நியரின் பெயர் முதலிய விவரங்களை அறிய முடியும் என்று காட்டி எச்சரித்தனர். படம் எடுக்கையில் சட்டத்தில் ஒரு சிறு விளக்கு எரியும். எனினும் அதன் பொருளை அறியாதவருக்கு அவ்விளக்கால் என்ன பயன்? அடுத்தவர் இசைவின்றிப் படம் எடாமை நம் கடமை.

முடிவுரை

கருவியை வாங்குவது பணத்தின் வேலை. அதற்குத் தமிழ் கற்பிப்பது நம் வேலை. நம் மாவட்டத்துப் பேருந்துப் பலகைகளையும் கடைப் பலகைகளையும் வெயிலிலும் இரவிலும் படமெடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள சொல்லைப் பிழையின்றிக் குறித்துத் தொகுத்தால், அது இத்தகைய கணினிகளுக்கு நல்ல பாடநூலாகும். கணினி அறிவியல் மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஆசிரியர் துணையோடு இதனைச் செய்யலாம். அதுவரை, பேருந்து நிலையத்தில் ஒரு கைத்தடி நம் அருகே வந்து நின்றால், கேட்கும் முன்பே ஊரின் பெயரைச் சொல்லுவோம்.