கிள்ளான் தோட்டங்கள் திரண்ட ஆண்டு



சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் 1941இல் நடந்த வேலைநிறுத்தம், மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு நடத்திய பெரும் போராட்டம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளான் செல்பவர் கண்ணில் படும் குடியிருப்புகளில் பல, அன்று பால்மரக் காடுகள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரப்பருக்கு நல்ல கிராக்கி. கம்பெனிகளுக்கு ஆதாயம் பெருகியது. பால்மரம் சீவிய தமிழருக்கோ நாளுக்கு 50 காசுதான் கூலி. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. சீனத் தொழிலாளர்களுக்கு அந்தக் கூலியைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. தனியாள் முறையிட்டால், அது கங்காணியையும் தோட்ட எழுத்தரான கிராணியையும் தாண்டி வெள்ளைக்கார மேலாளரான துரையிடம் போய்ச் சேராது. இந்த நிலையில்தான் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே தோட்டந்தோறும் ஆட்களைத் திரட்டினார்.

சீனருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல் என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றுள் ஒன்று சைக்கிளைப் பற்றியது. தோட்டத்துச் சாலையில் துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். இறங்காமல் செல்லும் உரிமையும் கூலி உயர்வோடு சேர்த்தே கேட்கப்பட்டது. இந்த வேலைநிறுத்தத்தை வெறும் காசுத் தகராறாகப் பார்ப்பவர்கள் போராட்டத்தின் உயிர்நாடியைத் தவறவிடுகிறார்கள்.

இந்தத் திரட்டலின் அருமை ஓர் ஒப்பீட்டில் புலப்படும். அமெரிக்காவில் 1867இல் தொடங்கிய கிரேஞ்ச் இயக்கமும் உழவர்களைத் திரட்டி, ரயில் கம்பெனிகளின் சரக்குக் கட்டணத்தை எதிர்த்தது. அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இருந்தது, ஓட்டும் இருந்தது. சில மாநிலங்களில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றவைத்தார்கள். கிள்ளான் தொழிலாளிக்கு ஓட்டு இல்லை. லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் இருந்த வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். சங்கம் ஒன்றே அத்தொழிலாளர்களுக்குக் கைமுதல்.

முதற்கட்டப் போராட்டத்தில் சிறிய கூலி உயர்வு கிடைத்தது. மே 5 அன்று நாதன் கைதானதும் கொந்தளிப்பு மூண்டு, மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை வந்திறங்கியது.

போருக்குப் பின் தோட்டங்களில் சங்கங்கள் மீண்டும் முளைத்தன. அவற்றில் பல 1954இல் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி.பி.நாராயணன் அதன் தலைமைக்கு வந்தார். அதன்பின் கூலி விகிதம் இந்தச் சங்கமும் தோட்ட முதலாளிகள் சங்கமும் பேசியே முடிவாயிற்று.