புதுப்பிக்காத கணினி

கேள்வி: செக்றோல் (தொழிலாளர் வரவுப் பதிவேடு) பதியும் எங்கள் தோட்டக் கந்தோர்க் கணினிகளில் அடிக்கடி வைரஸ் புகுகிறது. விண்டோஸ் 7-ஐ விட்டு லினக்ஸுக்கு மாறலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: விண்டோஸ் 7-க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டபடியால் மாறுவது உசிதமே; ஆயினும், பராமரிப்பில் சிரத்தை இல்லாவிடத்து எந்த மென்பொருளும் ரக்ஷையாகாது என்பதற்கு, காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருளை உரிய காலத்தில் மாற்றாதிருந்த நம் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் சேவை, 2023 ஆகஸ்டில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு இரையாகி, மே 17 முதலான கடிதங்களை இழந்ததே பிரத்தியட்ச உதாரணம். ஆகவே, முதலில் செக்றோலையும் சம்பளக் கணக்கையும் வெளித் தட்டொன்றில் பிரதியெடுத்து, அதைக் கழற்றி அலுமாரியில் பூட்டுங்கள். சம்பள மென்பொருள் விண்டோஸிலன்றி ஓடாதெனில், அந்த ஒரு கணினியை மாத்திரம் இணையத்தினின்றும் பிறர் பென்டிரைவினின்றும் விலக்கி, ஏனையவற்றில் லினக்ஸை நிறுவி, அவற்றின் அப்டேட்டுகளுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.