நசுங்கும் முகப்பும் நசுங்காத கூடும்

அன்புள்ள கயல்விழிக்கு,

விபத்தில் சிக்கிய சிறிய கார் ஒன்றின் முகப்பு அப்பளமாய் நொறுங்கிக் கிடந்ததைக் கண்டு, அந்தக் காலத்து வண்டியின் தடித்த தகடு இதற்கும் இருந்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் பத்திரமாக இருந்திருப்பார்கள் அல்லவா என்று கேட்டிருக்கிறாய். நன்கு படித்தவர்களும் தயங்காமல் சொல்லித் திரியும் இந்த எண்ணம், எத்தனை முறை மறுத்தாலும் தலைதூக்கிக்கொண்டே இருப்பதால், இம்மடலின் பெரும்பகுதி அதற்கே செல்கிறது.

மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம் என்பது, 16 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம். அந்த வேகம் 60 சென்டிமீட்டர் தூரத்துக்குள் சீராகத் தணிந்தால், சீட் பெல்ட்டால் வண்டியோடு பிணைக்கப்பட்ட உடல் தாங்க வேண்டியது தன் எடையைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு விசை. அதுவே 10 சென்டிமீட்டரில் தணிந்தால் 160 மடங்கைத் தாண்டும். முகப்பு நசுங்குவது அந்தக் கூடுதல் தூரத்தை வாங்கித் தருவதற்காகவே. நசுங்காத முகப்பு விசையை முழுவதுமாக உள்ளே இருப்பவரின் விலா எலும்புக்கு அனுப்பிவிடும். மெர்சிடிஸ் நிறுவனப் பொறியாளர் பேலா பாரென்யி, முன்னும் பின்னும் நசுங்கும் பகுதிகள், நடுவே உறுதியான பயணிகள் கூடு என்ற அமைப்புக்கு 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றார். 1959இல் அது விற்பனைக்கு வந்த காரில் இடம்பெற்றது. வாகன வரலாற்றைப் படிப்பவர்கள் எஞ்சின்களைப் பற்றியே பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு இந்த மனிதரைத் தாண்டிச் செல்வது வருந்தத்தக்கது. அதே 1959ஆம் ஆண்டின் செவ்ரலே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டின் செவ்ரலே மாலிபு காரையும் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் நேருக்கு நேர் மோதவிட்டபோது, பழைய வண்டியின் கூடு இடிந்து ஸ்டீயரிங், ஓட்டுநர் இருக்கையில் வைத்த சோதனைப் பொம்மையை நோக்கி வந்தது. புதியதன் கூடு நிலைத்தது. தகட்டின் தடிமனை நம்புகிறவர்கள் அந்தச் சோதனையின் காணொளியை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும்.

ஆகவே கவனிக்க வேண்டியது பானெட்டை அன்று, ஏ-பில்லரை. அதாவது முன்கண்ணாடியின் இருபுறமும் நின்று கூரையைத் தாங்கும் தூணை. அது முறிந்து மடங்கினால் கதவுச் சட்டம் கோணும், டாஷ்போர்டு முழங்காலின்மேல் வந்து அமரும், பிரேக் மிதி கணுக்காலைச் சிறைப்பிடிக்கும். 2014 ஜனவரியில் முடிவுகள் வெளியான சோதனையில், கார்களை மோதவிட்டு மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகளை, முகப்பின் 40 விழுக்காடு மட்டும் தடுப்பில் படுமாறு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன என்பது செய்தித்தாள்களில் வந்தது. அவை அழுத்திச் சொல்லாத செய்தி வேறொன்று. ஃபிகோ, போலோ இரண்டின் கூடுகளும் நிலைத்து நின்றன. மற்ற மூன்றின் கூடுகள் நிலைக்கவில்லை. இரண்டு ஏர்பேக்குகள் பொருத்திச் சோதித்தபோது போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. கூடு இடிந்துவிழும் வண்டியில் பையைப் பொருத்துவதால் பெரும்பயன் இல்லை. ஏனெனில் பை விரிந்து உடலை ஏந்துவதற்கும், ஏந்திய உடல் மெல்ல நிற்பதற்கும் உள்ளே இடம் மிஞ்ச வேண்டும். 2020இல் நான்கு மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள ஆல்ட்ராஸ் ஐந்து நட்சத்திரம் பெற்றதிலிருந்து, சிறிதாக இருப்பதே குற்றமன்று என்பதும் தெளிவாயிற்று.

ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் கட்டாயம். இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப் மதிப்பீடு 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விதிகள் இப்படி முன்னேறினாலும், பொறியாளர்கள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கணக்கிட்டு நசுங்கவைத்த முகப்பின் முன்னால், அழகுக்காக இரும்புக் குழாயில் பம்பர் கார்டு மாட்டுவதை என்னவென்று சொல்வது? மோதலின் விசை போக வேண்டிய வழியை அது மாற்றிவிடுகிறது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று கணிக்கும் சென்சாரையும் குழப்பக்கூடும். பெல்ட் அணியாததை எச்சரிக்கும் ஒலியை அடக்க வெறும் கொக்கியை வாங்கிச் செருகுவது அதனினும் கேடு. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரியும் பையின்மேல் பெல்ட் இல்லாத உடல் தாறுமாறாகப் போய் விழும்போது, காக்க வந்த பையே காயம் செய்யும்.

இரண்டாவதாக நீ கேட்டது, ஐந்து நட்சத்திரச் சிறிய காரும் ஐந்து நட்சத்திரப் பெரிய வண்டியும் சமமா என்பது. சமமல்ல. தடுப்பில் மோதும் சோதனை, தன் எடையை ஒத்த வண்டியோடு மோதுவதையே ஏறத்தாழ ஒத்திருக்கிறது. 900 கிலோ காரும் 1,800 கிலோ வண்டியும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், சிறியதன் வேகமாற்றம் ஏறத்தாழ 67 கிலோமீட்டர், பெரியதற்கு 33. ஆகவே காருக்கு விலை பேசும்போது எடை ஒத்த வண்டிகளின் நட்சத்திரங்களை மட்டும் ஒப்பிடு. சோதிக்கப்பட்டது எந்த வகை, அதன் கூடு நிலைத்ததா என்பதையும் அறிக்கையில் தேடிப் படி.

அன்புடன்,
உன் ஆசிரியர்