புகையில்லா அடுப்பு: கிராமக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

1. பொருளின் முக்கியம்

குளிர் மிகுந்த தேசங்களில் விறகடுப்பு என்பது வீட்டைச் சூடாக்கும் சாதனமாகும். அரக்கோணம் தாலுகாவின் கிராமங்களிலோ அதற்கு அவசியம் இல்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் வெயிலே வீட்டை அடுப்பாக்கிவிடுகின்றது. ஆயினும், வீட்டைச் சூடாக்க விரும்பாத இவ்வூர்களில், சமையலுக்கென்று மூட்டிய தீயே சமையலறையைச் சூடாக்கிப் புகையாலும் நிரப்புகின்றது. வேண்டாத இடத்திற் சென்ற சூடு, சட்டியைச் சேராத சூடு. அது விறகின் நஷ்டம். கண்ணையும் நெஞ்சையும் சேர்ந்த புகையோ தேக ஆரோக்கியத்தின் நஷ்டம்.

விறகு, வராட்டி முதலியவற்றை வீட்டினுள் எரிப்பதால் உண்டாகும் காற்று மாசின் காரணமாக, 2020-ஆம் ஆண்டில் உலகமெங்கும் 32 லட்சம் பேர் மாண்டிருக்கக்கூடுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. சிறு குழந்தைகளுக்கு நிமோனியாக் காய்ச்சலும், புகையிலையைத் தொட்டறியாத ஸ்திரீகளுக்கு நாள்பட்ட மூச்சுத்தடை நோயும் வருவதற்கு இப்புகை ஒரு முக்கியக் காரணமாகும். அடுப்பங்கரையில் தாயும், அவள் இடுப்பில் குழந்தையும் இருப்பதே வழக்கமாகையால், புகையின் பெரும் பங்கு இவ்விருவரையே சார்கின்றது.

2. நெருப்பின் இயல்பு

விறகு எரியும் விதத்தை அறிந்தாலன்றி அடுப்பின் குறை விளங்காது. தீயிலிட்ட விறகு உடனே எரிவதில்லை. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகின்றது. பின்பு, சூடு ஏற ஏற, விறகினின்று எரியக்கூடிய வாயுக்கள் வெளிப்படுகின்றன. உலர்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இவ்வாறு வாயுவாக மாறுகின்றது, எஞ்சியதே கரி. கண்ணுக்குத் தெரியும் சுவாலை, அவ்வாயுக்கள் காற்றுடன் கலந்து எரிவதேயாகும்.

இவ்வாயுக்கள் முழுவதும் எரிவதற்குப் போதிய சூடும் போதிய காற்றும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமலே வெளியேறும். அதுவே புகை. ஆகவே, புகை என்பது எரியாத விறகு. அடுப்பிற்கு வாங்கிய விறகில் ஒரு பகுதியைக் கூரை வழியே ஊதிவிடுவதற்கு ஒப்பாகும். புகை குறைந்தால் மூச்சுக்கு மட்டுமன்றி முதலுக்கும் இலாபம் உண்டு.

3. விறகின் ஈரம்: ஒரு கணக்கு

அரக்கோணம், திருத்தணிப் பக்கங்களில் ஏழைகளின் விறகு பெரும்பாலும் வேலிகாத்தான் என்று வழங்கும் சீமைக்கருவேலே. அமெரிக்கக் கண்டத்தினின்று கொண்டுவரப்பட்ட இம்மரம், நிலத்தடி நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கின்றதென்று பழி சுமந்த போதிலும், நன்கு காய்ந்தால் சூடு மிகுந்த விறகாகும். ஆனால் வெட்டிய மறுநாளே அடுப்பில் வைத்தால் அதுவும் புகையும்.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முற்றும் உலர்ந்த 1 கிலோ விறகில் ஏறக்குறைய 4,500 கிலோ கலோரி சூடு உண்டு. எடையிற் பாதி நீராகவுள்ள பச்சை விறகு 1 கிலோ எடுத்தால், அதிலுள்ள அரைக் கிலோ மரம் 2,250 கிலோ கலோரி தரும். அதினின்று, அரைக் கிலோ நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறக்குறைய 300 போய்விடும். மிஞ்சுவது 1,950. நூற்றுக்கு 15 பங்கு ஈரமுள்ள காய்ந்த விறகு 1 கிலோவோ, இவ்வாறே கழித்தபின், ஏறக்குறைய 3,700 கிலோ கலோரி தரும். எடை போட்டுப் பச்சை விறகு வாங்குபவர், கொடுத்த காசில் பாதியை நீருக்கே கொடுத்தவராவார். அன்றியும், ஈர விறகு தீயைக் குளிரச்செய்வதால், வாயுக்கள் எரியாமல் புகையாகப் போகும் நஷ்டம் இக்கணக்கிற் சேராத தனி நஷ்டம்.

ஆகையால் முதற்பாடம் யாதெனில், மழைக்கு முன்பே விறகைப் பிளந்து, தரையிற் படாமல் கற்களின்மேல் அடுக்கி, மேலே மறைப்பிட்டுப் பக்கங்களிற் காற்றோட விடவேண்டும். கட்டைவிரலினும் சிறிது பருத்த துண்டுகள் விரைவில் காய்ந்து நன்கு எரியும்.

4. பழைய அடுப்பின் குணமும் குறையும்

மூன்று கல் அடுப்பில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு சூடே பாத்திரத்தை அடைகின்றது. ஏனையது கல்லுக்கும், சுவருக்கும், காற்றுக்கும், சமைப்பவர் முகத்திற்கும் போய்ச் சேர்கின்றது. நம் நாட்டுத் தாய்மார் இக்குறையை அறியாதவரல்லர். பக்கத்தில் கொடியடுப்பை இணைத்து, பெரிய அடுப்பின் மிஞ்சிய அனல் ஒரு சிறு துவாரத்தின் வழியே சென்று குழம்பையோ பாலையோ சூடாக்கும்படி செய்த யுக்தி அவர்களுடையதே. வீணாகும் சூட்டைப் பிடித்து இரண்டாம் பாத்திரத்திற்குக் கொடுக்கும் தத்துவம் அதிலேயே அடங்கியிருக்கின்றது. அதில் இல்லாதது ஒன்றே. புகைக்கு வெளிச்செல்லும் வழி.

5. புகைபோக்கி வேலை செய்யும் விதம்

அரக்கோணத்தார்க்கு இதை விளக்க இரயில் வண்டியைக் காட்டினால் போதும். தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை அரக்கோணம் வழியாகத் திறக்கப்பட்டது. அக்காலத்து எஞ்சின்கள் விறகையே எரித்தன. அவற்றின் பசி தீர்க்கச் சென்னைக் கடற்கரைப் பக்கங்களிற் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. எஞ்சினில், வேலை முடிந்த நீராவி புகைக்குழாய் வழியே வேகமாக வெளியேறுகையில், தீயினூடே புதுக்காற்றை இழுத்தது. அதனால் தீ கொழுந்துவிட்டெரிந்தது.

வீட்டுப் புகைபோக்கியில் நீராவியின் வேலையைச் சூடான காற்றே செய்கின்றது. 27 டிகிரி சூடுள்ள காற்றை 177 டிகிரிக்கு ஏற்றினால், அதே அளவுக் காற்றின் எடை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். இலேசான அக்காற்றுத் தூண் குழாயில் மேலெழும்ப, அடுப்பின் வாய் வழியே கனத்த குளிர்காற்று உட்புகுகின்றது. குழாய் உயரமாகவும் உட்புறம் சூடாகவும் இருந்தால் இழுப்பு மிகும். இழுப்பு அளவுக்கு மிஞ்சினாலோ, சூடு பாத்திரத்தில் தங்காமல் குழாயோடு போய்விடும். ஆதலால் குழாயின் அடியில் அதைச் சிறிது மூடவும் திறக்கவும் ஒரு தகட்டை அமைப்பதுண்டு.

ஒன்றை மறத்தலாகாது. புகைபோக்கி புகையை அழிப்பதில்லை, வெளியே அனுப்புகின்றது. வீடுகள் நெருங்கிய தெருவில் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுத் திண்ணையை அடையும். ஆகவே காய்ந்த விறகு முதலாவது, நல்ல காற்றோட்டம் இரண்டாவது, புகைபோக்கி மூன்றாவது.

6. இதுவரை நடந்த முயற்சிகள்

மேல்நாட்டில் பெஞ்சமின் பிராங்கிளின், அறையைச் சூடாக்கும் தம் இரும்பு அடுப்பைப்பற்றி 1744-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கொரியா தேசத்தாரோ, சமையல் அடுப்பின் புகையைத் தரைக்கடியிலுள்ள கால்வாய்களிற் செலுத்தித் தரையைச் சூடாக்கும் முறையை நெடுங்காலமாகக் கையாண்டனர். ஒரே தீயால் சமையலும் கணப்பும் நடைபெற்றன.

இந்தியாவில், 1934-ல் நிறுவப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம், வார்தாவிலுள்ள மகன்வாடியைத் தன் ஸ்தலமாகக் கொண்டது. அதை நடத்திய ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரிற் பிறந்த தமிழர். அங்கிருந்து 1947-ல் ‘மகன் சூலா’ என்னும் புகையில்லா அடுப்பு பரவத்தொடங்கியது. ஹைதராபாத் எஞ்சினீரிங் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, பல பாத்திரங்களும் புகைபோக்கியும் கொண்ட மண் அடுப்பை அமைத்து, கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டுமென்ற கருத்தைத் தலைப்பாகக்கொண்ட நூலை 1953-ல் சென்னையில் வெளியிட்டார். 1983-ல் மத்திய சர்க்கார் தேசிய அடுப்பு அபிவிருத்தித் திட்டத்தைத் தொடங்கி, 2002-க்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை அமைக்க உதவினர்.

எண்ணிக்கை பெரிதேயாயினும் பயன் அவ்வளவு பெரிதன்று. ஒடிசா கிராமங்களில் சில ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்பெற்று, 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதன் காரணத்தைக் காட்டுகின்றது. புது அடுப்புக் கட்டிய முதல் ஆண்டில் புகை குறைந்தது. பின்னர் அக்குறைவு மறைந்தது. குடும்பத்தார் அடுப்பை ஒழுங்காக உபயோகிக்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. கட்டிக்கொடுப்பது ஒரு நாள் வேலை. காப்பது தினசரி வேலை. இப்பாடத்தின் சாரம் இதுவே.

7. அடுப்பைக் கட்டும் முறை

(அ) இடம்: வெளிச்சுவரை ஒட்டிய இடம் நன்று. அடுப்பின் வாய் வாசற்காற்றுக்கு நேராக இருத்தல் கூடாது.

(ஆ) மண்: களிமண்ணுடன் நறுக்கிய வைக்கோல் அல்லது உமியும் சிறிது சாணமும் கலந்து, நீர் விட்டு மிதித்துச் சில நாட்கள் புளிக்கவைக்க வேண்டும். இதனால் வெடிப்புக் குறையும்.

(இ) துவாரங்கள்: வீட்டில் நாள்தோறும் புழங்கும் பாத்திரங்களைக் கொண்டுவந்து, அவற்றின் அடிக்கு ஏற்றவாறு துவாரங்களை வெட்டவேண்டும். பாத்திரம் பொருந்தி அமராவிடில் அவ்விடைவெளி வழியே புகை வீட்டினுள் வரும். முதல் துவாரம் சோற்றுப் பானைக்கு, இரண்டாவது குழம்புக்கு, குழாயை அடுத்துள்ளது குளிக்கும் வெந்நீர்த் தவலைக்கு.

(ஈ) சுரங்கவழி: தீயினின்று குழாய் வரை அனற்பாதை சிறிது மேல்நோக்கிச் செல்லவேண்டும். குழாயின் அடியில் கரி வாருவதற்கு ஒரு துவாரம் விட்டு, அதைக் கல்லால் மூடிவைக்க வேண்டும்.

(உ) குழாய்: உட்புறம் 4 அங்குல அகலமுள்ள சுட்டமண் அல்லது சிமெண்டுக் குழாய் ஏற்றது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த குழாயின் தூள் நுரையீரலுக்குக் கேடாகையால் அதை நீக்கவேண்டும். குழாய் கூரைக்கு மேல் 2 அடியேனும் உயர்ந்து, மழை புகாத குல்லாவுடன் நிற்க வேண்டும். ஓலை, வைக்கோற் கூரையாயின், குழாயைச் சுற்றிலும் ஓலையை நீக்கித் தகடும் மண்ணும் வைத்தாலன்றித் தீ விபத்து நேரும்.

கட்டிய அடுப்பைப் பத்து நாட்களுக்குக் குறையாமல் நிழலில் உலரவிட வேண்டும்.

8. பராமரிப்பு

காலையில் தீ மூட்டுமுன், குழாயின் அடியில் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தினால் குழாய் சூடேறி இழுப்புத் தொடங்கும். பாத்திரமில்லாத துவாரத்தை மூடியால் மூடவேண்டும். திறந்துவிட்டால் புகைபோக்கி இருந்தும் இல்லாததே. சாம்பலைத் தினமும் வாரவேண்டும். மாதமொரு முறை, நீண்ட கழியின் நுனியிற் பழந்துணியைக் கட்டிக் குழாயின் கரியை நீக்க வேண்டும். வெடிப்பு கண்டவுடன் மண் பூச வேண்டும். கூரைமேல் ஏறிக் குழாயைத் துடைக்கும் வேலையை ஆண்மக்கள் ஏற்பது நலம். புகையை ஸ்திரீகள் அனுபவிக்க, குழாய் அடைபட்டதை ஆடவர் அறியாதிருப்பதே அநேக வீடுகளில் நல்ல அடுப்புகள் இடிக்கப்பட்டதற்குக் காரணம்.

9. கணப்பைப்பற்றி ஓர் எச்சரிக்கை

மார்கழி, தை மாத இரவுகளில் முதியோருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் குமுட்டியில் கரி நெருப்பு இட்டு அறையில் வைக்கும் வழக்கம் உண்டு. குளிருக்குப் பயந்து கதவையும் சன்னலையும் அடைப்பதும் உண்டு. இதைப்போன்ற ஆபத்து வேறில்லை. கரி நெருப்பு புகையாது. ஆனால் நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் இது தடுப்பதால், தலைவலியும் மயக்கமும் தோன்றி, உறங்குபவர் விழிக்காமலே உயிர் நீங்கலாம். புகை இல்லையென்பது நஞ்சு இல்லையென்பதற்கு அடையாளமன்று. தாய்க்கும் சேய்க்கும் வேண்டியது கம்பளியும் உடற்சூடுமே. உறங்கும் அறையில் நெருப்பு வேண்டுவதில்லை.

10. எரிவாயு வந்த பின்னர்

தமிழ்நாட்டில் 2007 முதல் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், இந்தியாவெங்கும் 2016 முதல் உஜ்வலா திட்டமும் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயுவைக் கொண்டுவந்தன. புகையைத் தவிர்க்க இதுவே மேலான வழியாகும். ஆயினும், காலையிற் காப்பிக்கு எரிவாயுவை மூட்டும் வீட்டிலேயே, கொல்லைப்புறத்தில் வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், விருந்துச் சமையலுக்கும் விறகு எரிவதைக் காணலாம். உருளை தீர்ந்து கையிற் பணமில்லாத நாட்களில் சோறும் அதிலேயே வேகும். விறகு முற்றும் நீங்கும்வரை, அது எரியும் அடுப்பு நல்லதாக இருக்கவேண்டும். இயன்ற வீட்டார் அன்றாடச் சமையலை எரிவாயுவிலும், எஞ்சிய வேலையைப் புகைபோக்கியுள்ள அடுப்பிலும் நடத்துவார்களாயின், தாய்மாரின் கண்ணீருக்கு அடுப்புக் காரணமாகாது.

11. பயிற்சி வினாக்கள்

(1) புகையை ‘எரியாத விறகு’ என்பது ஏன்?

(2) பச்சை விறகை எடைபோட்டு வாங்குவதால் நேரும் நஷ்டத்தைக் கணக்கிட்டுக் காட்டுக.

(3) கொடியடுப்பிற்கும் புகையில்லா அடுப்பிற்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகள் யாவை?

(4) ஒடிசாவில் புது அடுப்பின் பயன் மறைந்ததற்குக் காரணம் யாது? அது உங்கள் கிராமத்தில் நேராதிருக்க, எந்த வேலையை யார் செய்யவேண்டும்?

(5) மூடிய அறையிற் கரி நெருப்பு வைத்தலாகாது என்பது எதனால்?