பழைய கொம்பிரசர்: முதலில் தாங்கியைப் பாருங்கள்

ஊர் திரும்பிக் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் மீண்டும் வயல் செய்வோர், உழவு இயந்திர ரயருக்குக் காற்றடிக்கப் பழைய கொம்பிரசரை வாங்கிக் கொட்டிலில் பொருத்துவதுண்டு. வாங்குமுன் தாங்கியைக் கவனியுங்கள். அமுக்கிய காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகி அடியில் தேங்கும். துரு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். மன்னாரின் உப்புக்காற்று வெளிப்புறத்தையும் விடாது. புதுப் பெயின்ற்றை நம்ப வேண்டாம்.

தாங்கி நிறைய நீர் நிரப்பி, காற்றை முற்றாக வெளியேற்றி, வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்கைக் கைப்பம்பியால் கொடுத்து, தொழில் தெரிந்தவரைக் கொண்டு சோதியுங்கள். நீர் சுருங்குவதில்லை, ஆகவே தகடு விட்டாலும் பெரும்பாலும் கசிவதோடு நிற்கும். காற்றால் சோதித்தால் வெடித்து ஆளைக் கொல்லலாம். கசிந்த தாங்கியை ஒட்டிப் பாவிக்காதீர்கள்.

மோட்டார் 400 வோல்ட் திரீபேஸ் என்றால் வீட்டு 230 வோல்ட்டில் ஓடாது.

தினமும் அடிக்குழாயைத் திறந்து நீரை வடியுங்கள். அது செந்நிறமாக வந்தால் மீண்டும் சோதியுங்கள்.